ஆயிரம் மணி நேர வெளிச்சம்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இங்கே சொல்லப்போகும் தொல்லையில் பாதிக்கு அதுதான் காரணம். மீதிப் பாதிக்குக் காரணம் பன்னீர்.

ஒரகடத்தில் லாரி உதிரிபாகம் செய்யும் பெரிய ஆலை ஒன்றின் முதுகுப் பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் எங்கள் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அக்கம்பக்கத்து ஆலைக்காரர்களுக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்றே தெரியாது. ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் எங்கள் கேட்டை டீக்கடைக்குப் போகும் குறுக்குவழியாகத்தான் பயன்படுத்திவந்தார்கள். நாங்கள் செய்வது ஒரு மை. சில கரிமச் சேர்மங்களைக் கரைத்து, மெல்லிய பிளாஸ்டிக் பிலிமில் மைபோலப் பூசிக் காயவைத்தால், வெயில் படும்போது அது மின்சாரம் தரும். மாடியில் வைக்கும் சோலார் பலகைபோல் கனம் கிடையாது, கண்ணாடி வேண்டாம். கார் கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு பிலிம்போலச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போகலாம். ஆர்கானிக் சோலார் செல் என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டு என் நாத்தனார் இதற்கு மாட்டுச் சாணம் போடுவீர்களா என்று கேட்டாள். ஆறு வருடமாக ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்டு, அவளே சிரித்துக்கொள்கிறாள்.

பிலிமுக்கு ஒரே ஒரு குறைதான். ஆயுசு போதாது. வெளிச்சத்தில் வேலை செய்யவேண்டிய பொருளை அந்த வெளிச்சமே மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். கெடாமல் நிற்கும்படி ஒரு மையைச் செய்வதுதான் என் ஆறு வருட வேலை.

போன வருடம் நடுவில் எங்கள் இயக்குநர் சென்னையிலிருந்து வந்தார். அவர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அன்றும் அதே குரலில்தான் பேசினார். பொங்கல் வரை பார்க்கலாம் என்றார். பிலிமை லாம்ப் பாக்ஸில் வைத்து ஆயிரம் மணி நேரம் இடைவிடாமல் வெளிச்சம் காட்டவேண்டும். அதற்குப் பிறகும் முதல் நாள் தந்த மின்சாரத்தில் பத்தில் எட்டுப் பங்காவது தரவேண்டும். தந்தால் ஷெட் நடக்கும். தராவிட்டால் பொங்கலோடு காலி செய்துவிடலாம். எனக்கென்றால் சென்னையில் எங்காவது ஒரு மேசை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். என்னோடு வேலை செய்த இரண்டு பேரும் ஒப்பந்த ஊழியர்கள். அவர்களுக்கு மேசை கிடையாது.

ஒருவர் தூத்துக்குடிக்காரர், எலக்ட்ரீஷியன், மெஷின்களையெல்லாம் பார்த்துக்கொள்பவர். இன்னொருவர் வடக்குப்பட்டைச் சேர்ந்த ஓர் அம்மாள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மேடம் என்பார். எங்களிடம் வருவதற்கு முன்பு பல வருடம் ஓர் ஆலையின் லைனில் மூன்று ஷிப்டும் நின்றுகொண்டே வேலை பார்த்து, முழங்கால் போய்விட்டது. எங்கள் ஷெட்டில்தான் முதன்முதலாக ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்தார். பிலிமின் நான்கு ஓரத்தையும் பசை வைத்துக் காற்றோ ஈரமோ புகாமல் சீல் செய்வது அவர் பொறுப்பு. முடித்ததும் மூலையில் பச்சை மார்க்கரால் சின்னதாக ஒரு டிக் போடுவார். ஷெட் மூடினால் அக்கா திரும்பவும் லைனுக்குத்தான் போகவேண்டும். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

இனி பன்னீர்.

இந்தப் பக்கத்தில் ஆயுத பூஜைக்குத் தப்பிக்கும் இயந்திரம் எதுவும் கிடையாது. கார் ஆலையின் ரோபோவிலிருந்து பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் வரைக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. எங்கள் ஷெட்டில் மட்டும் அதற்கு வருடா வருடம் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். கற்பூரப் புகை, ஊதுபத்தி, சாம்பல் எல்லாமே என் பிலிமுக்கு விஷம். உள்ளே ஒன்றும் கூடாது என்று நான் சொல்வேன். எல்லா கம்பெனியிலும் செய்கிறார்கள், நம் மெஷின் மட்டும் என்ன பாவம் செய்தது என்று இவர்கள் கேட்பார்கள். கடைசியில் உடன்பாடு வரும்: கற்பூரமும் பூசணிக்காயும் கேட்டுக்கு வெளியே மட்டும். உள்ளே சந்தனமும் குங்குமமும் மட்டும், அதுவும் நான் காட்டும் இடத்தில் மட்டும்.

அந்த வருடமும் நான் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். இங்கே வையுங்கள், இங்கே வேண்டாம் என்று சுட்டிக்காட்டிக்கொண்டே போய் லாம்ப் பாக்ஸுக்கு வந்தோம். ஃப்ரிட்ஜ் அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே மேலே விளக்குகள், கீழே பிலிம்களை வைக்கும் தட்டு, தட்டின் முன் விளிம்பில், கதவுச் சட்டத்துக்கு நேர் கீழே, விளக்குகளைப் பார்த்தபடி சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சென்சார். வெளிச்சத்தை அளந்துகொண்டே இருப்பது அந்தச் சென்சார்தான். வெளிச்சம் குறைந்ததாக அதற்குத் தோன்றினால் விளக்குகளைத் தானே கூட்டிவிடும், அதிகமானால் தானே குறைத்துவிடும். கதவுக்கு மேலே இருந்த சட்டத்தைக் காட்டி, இங்கே வையுங்கள் என்றேன். சாமி உள்ளேயும் பார்க்கவேண்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். சென்சாரைக் காட்டி, வழக்கமாகச் சொல்வதையே அன்றும் சொன்னேன்: யாராவது இதைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன்.

சந்தனம் குழைத்தவர் தூத்துக்குடிக்காரர். மோர்போல ஓடுகிறதே என்று கேட்டதற்கு, "பன்னீர் தாராளமா ஊத்துனாத்தான் மேடம் மணக்கும்" என்றார். மூன்று விரலால் இழுத்துப் பூசினார், நடுவில் அக்கா குங்குமம் வைத்தார், கதவைச் சாத்தினோம், பொரியும் சுண்டலும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் மணந்தது.

விஜயதசமி கழிந்து புது மை பூசிய பன்னிரண்டு பிலிம்களைப் பெட்டிக்குள் வைத்தேன். கணினியில் வந்த எண்ணைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். மின்சாரம் வழக்கத்தைவிடக் கால் பங்கு அதிகம். ஆறு வருடத்தில் அப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை. வேறொரு கருவியில் வைத்துச் சரிபார்க்கவேண்டும் என்பது முதல் வருட மாணவிக்குக்கூடத் தெரியும். நான் பார்க்கவில்லை. கெட்ட செய்தி வந்தால் பத்துக் கேள்வி கேட்பேன், நல்ல செய்தியைக் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். அன்றைக்கே இயக்குநருக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு, படப்பையில் வண்டியை நிறுத்தி மைசூர்பாக்கு வாங்கிப்போய் நாத்தனாருக்கும் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் பிலிம்கள் சரிந்தன. ஒன்று, இரண்டு என்று இல்லை, பன்னிரண்டும். பத்தில் எட்டு எங்கே, பத்தில் நான்குகூட மிஞ்சவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டுச் சுவரெல்லாம் நமத்துப்போய், காகிதம் தொட்டால் துவண்டது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஈரம்தான் என்று முடிவு கட்டினேன். ஈரம் என்றால் சீல். சீல் என்றால் அக்கா.

தூத்துக்குடிக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன், உங்கள் சீல் பிடிக்கவில்லை என்று. அக்கா ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னார்.

"நான் போட்ட சீல்ல ஈரம் போவாது மேடம்."

"அப்போ மழையை நானா உள்ளே கூட்டிட்டு வந்தேன்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தும் நிறுத்தாமல், பசை, கையுறை, கவனம் என்று கால் மணி நேரம் பேசினேன். அன்றிலிருந்து பதினோரு மணி டீயை அக்கா என்னோடு குடிக்கவில்லை. கிளாஸை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போய்விடுவார். அடுத்த பன்னிரண்டு பிலிம்களுக்கு ஒவ்வோர் ஓரத்தையும் இரண்டு முறை சீல் செய்தார். டிக்கும் இரண்டு போட்டார்.

அவையும் அதேபோல மூன்றாவது வாரத்தில் செத்தன. முதல் நாளில் அதே கால் பங்கு கூடுதல், பிறகு அதே சரிவு. எனக்குத் தூக்கம் போயிற்று. காலண்டரைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆயிரம் மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட நாற்பத்திரண்டு நாள். கார்த்திகை தீபத்துக்குள் புதிதாக வைக்காவிட்டால், பொங்கலுக்குள் ஆயிரத்தைத் தொட வழியே கிடையாது. மையில் என்ன தப்பு என்று யோசித்து யோசித்து, ஆறு வருடமும் வீணோ என்ற இடத்துக்கு வந்து நின்றேன். வீட்டில் யாராவது சாப்பாடு ஆச்சா என்று கேட்டால்கூட எரிந்து விழுந்தேன்.

தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால், செத்த பிலிம்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். அக்கா தட்டில் கை வைத்து ஒவ்வொன்றாக உருவினார். தீபத்தன்று நாலு மணிக்குக் கிளம்பவேண்டும், வீட்டில் விளக்கேற்றணும் என்று அனுமதி கேட்டார். சரி என்றேன். பிறகும் நகராமல் நின்றார்.

"ஒன்னு சொல்றேன், திட்டக் கூடாது மேடம்."

சொல்லுங்கள் என்றேன்.

"பொட்டிக்குள்ள கை வெச்சா முன்ன மாதிரி இல்ல. சித்திர வெய்யிலாட்டம் சுடுது. பூஜைலேர்ந்தே அப்டிதான் கீது."

எனக்கு உடனே கோபம்தான் வந்தது. வெளிச்சம் சரியாகத்தான் இருக்கிறது, சென்சார் எண்ணைப் பாருங்கள் என்று திரையைக் காட்டினேன். காட்டும்போதே எனக்கு உறைத்தது. ஒன்றரை மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது சென்சார் எவ்வளவு வெளிச்சத்தைப் பார்க்கிறது என்பதை. விளக்கு எவ்வளவு எரிகிறது என்பதை ஒரு நாளும் பார்க்கவில்லை. அந்த எண் வேறு பக்கத்தில் இருந்தது. திறந்து பார்த்தேன். விளக்குகள் எப்போதும் எரிவதைவிட மிக அதிகமாக எரிந்துகொண்டிருந்தன.

தரையில் முட்டி போட்டுத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். சென்சாரின் கண்ணாடி மேல், துவரம்பருப்பில் பாதி அளவுக்கு, மஞ்சளாக ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. மோந்து பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருந்தாலும் மோந்து பார்த்தேன்.

சந்தனம். மேலே சட்டத்தில் பூசியபோது ஒரு சொட்டு ஓடிவந்து விழுந்திருக்கிறது. சென்சாரின் கண் ஓரளவு மூடிவிட்டது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து அது விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. அதிக வெளிச்சம் என்பதால்தான் முதல் நாள் கால் பங்கு கூடுதல் மின்சாரம். என் புது மையின் சாதனை ஒன்றும் அதில் இல்லை. பெட்டிக்குள் சூடு எல்லை தாண்டியதும், மையில் கலந்திருக்கும் இரண்டு பொருள்களும் ரசத்தில் எண்ணெய் ஒதுங்குவதுபோலத் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. பிலிம் பிழைக்க வழியே இல்லை. மையைச் சொல்லிக் குற்றமில்லை. மழையைச் சொல்லியும் குற்றமில்லை.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவருக்கு இந்தச் சொட்டு அங்கே இருப்பது தெரியும் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் மேடம். மறுநாளே பார்த்தேன். நீங்கதான தொட்டா கைய ஒடச்சிருவேன்னீங்க. சரி, உங்களாண்ட சொல்லலாம்னா, அடுத்த வருசத்துலேர்ந்து பூஜையே கெடையாதுன்னுருவீங்க. இத்தினூண்டு சொட்டு இன்னா பண்ணும்னு வுட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டே கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தேன். தூத்துக்குடிக்காரர் ஓடிவந்து எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் நின்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் பன்னீர் பாட்டிலை வைத்திருந்த அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தார்.

ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய காகிதத்தால் நானே துடைத்தேன். துடைத்த அடுத்த நொடி விளக்குகள் தணிந்தன. அறையே பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. அக்கா உள்ளே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, இப்பதான் சரி என்று தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் இயக்குநருக்கு மறுபடி ஒரு மெயில் எழுதினேன். முன்பு நான் எழுதிய கால் பங்கு கூடுதல் என்பது பொய், அளவில் பிழை, காரணம் சந்தனம் என்று எழுதி, அனுப்புவதற்கு முன்னால் காரணத்தை அழித்துவிடலாமா என்று யோசித்து, அழிக்காமலே அனுப்பினேன். கௌரவம் போனால் போகட்டும் என்று இருந்தது. ஆறு வருட மை கெட்ட மை இல்லை என்பதற்கு முன்னால் அதெல்லாம் பெரிதாகவே தெரியவில்லை. அவர் ஒரு வரிதான் பதில் போட்டார்: பொங்கல் பொங்கல்தான், தேதி மாறாது.

தீபத்தன்று காலையில் செத்த பிலிம்கள் இருபத்து நான்கையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து நிதானமாகப் பார்த்தேன். ஈரம் புகுந்திருந்தால் ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்திருக்கவேண்டும். எல்லாமே நடுவிலிருந்து வெளுத்திருந்தன. ஓரங்கள் நான்கும் அப்படியே கறுப்பாக, சுத்தமாக இருந்தன. முதல் பன்னிரண்டு செத்தபோதே என் கண் இதைப் பார்த்திருக்கிறது. கோபத்தில் மண்டைக்கு ஏறவில்லை. சித்திரை வெயிலைவிட மோசமான வெயிலை மூன்று வாரம் தாங்கியும் ஒரு சீல்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அக்காவிடம் போய், நான் அன்றைக்குப் பேசியது தப்பு என்றேன். அவர் புதுப் பிலிம்களுக்குப் பசை வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இருக்கட்டும் மேடம். ஆயிரம் ஆவட்டும், அப்பால பேசலாம்."

அடுத்த பூஜை கட்டாயம் உண்டு என்று மட்டும் சொல்லிவைத்தேன். அதற்குத் தலையசைத்தார். சரியாக நாலு மணிக்குப் பன்னிரண்டு பிலிம்களையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, விளக்கேற்ற ஓடினார்.

அந்த நாற்பத்திரண்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று என் வீட்டில் கேட்டால் தனிக் கதை சொல்வார்கள். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை சென்சாரைப் பார்ப்பது. மூன்று பேரும் பார்ப்போம். யார் கண்ணில் எது பட்டாலும் உடனே சொல்லவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டேன். அதன் விளைவாக ஒரு நாளைக்கு நான்கு தடவை ஒன்றுமில்லாத தூசிக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மழையில் கரண்ட் போகும்போதெல்லாம் தூத்துக்குடிக்காரர் ஜெனரேட்டருக்குக் காவல் இருந்தார். மூன்றாவது வாரம் வந்தது. பிலிம்கள் சரியவில்லை. நான்காவது வாரமும் போயிற்று. கூடுதல் மின்சாரமெல்லாம் இல்லை, பழைய சாதாரண எண்தான். ஆனால் அது நின்ற இடத்தில் நின்றது. அப்போதும் அக்கா கிளாஸை எடுத்துக்கொண்டு கேட் பக்கம்தான் போனார்.

போகியன்று ஷெட்டுக்கு விடுமுறை. கம்பெனி வண்டி வராது என்பதால் ஸ்கூட்டரில் வந்தேன். வழியெல்லாம் பழைய பாயும் டயரும் எரிந்த புகை, கண் எரிந்தது. பெட்டிக்குள் புகை போயிருக்குமோ என்று அதற்கும் ஒரு பயம். கேட்டில் செக்யூரிட்டியைத் தவிர யாருமில்லை. காலை எட்டு மணிக்குக் கணக்குப்படி ஆயிரம். ஏழே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். எண்ணைப் பார்க்கத் தைரியம் வராமல், முதலில் கதவின் கண்ணாடி வழியாகப் பிலிம்களின் ஓரங்களைப் பார்த்தேன். பன்னிரண்டையும் பார்த்தேன். பிறகுதான் திரைக்கு வந்தேன். பத்தில் ஒன்பது பங்குக்கும் கொஞ்சம் கூடவே மிஞ்சியிருந்தது.

இயக்குநருக்குப் போன் செய்தேன். நல்லது, ஷெட் நடக்கட்டும் என்றார், பொங்கல் வாழ்த்து சொன்னார். தூத்துக்குடிக்காரர் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார். அவர் சத்தம் போட்டுச் சொன்னதில் பக்கத்து சீட்டுக்காரரும் எனக்கு வாழ்த்து சொன்னார். கடைசியாக அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஆயிரம் ஆயிடுச்சுக்கா. பத்துல ஒம்பதுக்கு மேல இருக்கு. ஷெட்டு நடக்கும்."

அந்தப் பக்கம் புகைக்கு இருமும் சத்தம் கேட்டது. வேலை இருக்கிறது என்று சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"சீலு எப்டி கீது மேடம்?"

"பன்னெண்டும் பார்த்துட்டேன். ஒன்னுலகூட ஈரம் போகலைக்கா. அப்பவும் போகல."

இருமல் நின்றது.

"அப்ப சரி" என்றார். பிறகு, "நாளைக்கு வூட்டாண்ட வாங்க மேடம். பொங்கல் சாப்ட்டு, டீ குடிச்சிட்டுப் போலாம்."

வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் அழுததே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு லாம்ப் பாக்ஸை அணைக்கப் போனேன். சோதனை முடிந்துவிட்டது, இனி அது எரியவேண்டிய தேவையில்லை. ஒவ்வொரு பிலிமின் மூலையிலும் ஒரே ஒரு பச்சை டிக்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும் என்று விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.